ஒலிபெருக்கி வடங்களை நாமே செய்துகொள்ளும் முறை

சங்கத்தின் மகாசபை நிறைவேற்றும் தீர்மானம் அங்கத்தினர் அனைவரையும் கட்டுப்படுத்தும். கட்டுப்படுத்த வேண்டுமாயின் அது முதலில் அவர்கள் காதில் விழ வேண்டும். இந்தச் சிறிய உண்மையைச் சட்டப் புத்தகம் படித்து நாம் உணர்ந்ததைக் காட்டிலும், ஒரு மூதாட்டி கேட்ட கேள்வியால் உணர்ந்ததே அதிகம்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் நெசவாளர் சங்க மகாசபைக்கு ஆய்வாளர் என்ற முறையில் நாம் சென்றிருந்தோம். பந்தல் நிறைந்த கூட்டம். ஒலிபெருக்கி வாடகைக்கு வந்திருந்தது. தலைவர் மைக்கின் முன் நின்றதும் அவர் குரலுக்கு முன்னால் ஓர் இரைச்சல் புறப்பட்டது. தேனீக் கூட்டைக் கலைத்தாற்போல ஓயாத ரீங்காரம். இடையிடையே படபடவென்ற ஓசை. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்தம் செய்து, ஒவ்வொருவர் பங்குத் தொகையையும் உயர்த்துவது என்ற தீர்மானம் அந்த இரைச்சலுக்கிடையே வாசிக்கப்பட்டது. முன்வரிசையினர் கை தூக்கினர். அவர்களைக் கண்டு நடுவரிசையினர் தூக்கினர். அவர்களைக் கண்டு கடைசி வரிசையினரும் தூக்கினர். "ஏகமனதாக நிறைவேறியது" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதியாயிற்று. நாமும் நம் குறிப்பேட்டில் அவ்வாறே எழுதிக்கொண்டோம்.

கூட்டம் கலையும் வேளையில் வயது முதிர்ந்த நெசவாளர் அம்மையார் ஒருவர் நம்மிடம் வந்தார். "தம்பி, நாங்க எல்லாரும் எதுக்குக் கை தூக்குனோம்னு கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க" என்றார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நமக்குத் தலை குனிந்தது. தலைவரிடம் சொல்லி எல்லோரையும் மீண்டும் அமரச் செய்து, கருவியை நிறுத்திவிட்டு, பந்தலின் நடுவில் நின்று உரக்க வாசிக்கச் செய்தோம். இம்முறை பலர் எழுந்து பேசினர். பிடித்தம் பாதியாகக் குறைந்தது. அதன் பிறகு தூக்கிய கைகள்தாம் உண்மையான கைகள்.

பின்னர் அந்த ஒலிபெருக்கியின் வடத்தைப் பிரித்துப் பார்த்தோம். மைக்கைச் சேரும் முனைக்குள் ஒரு கம்பி அற்றுப் போயிருந்தது; அதை ஒட்டுத்தாளால் சுற்றி வைத்திருந்தார்கள். இரண்டு நொடியில் பற்றவைக்கக்கூடிய ஒரே ஓர் இணைப்பு! அதன் பொருட்டு ஒரு சங்கத்து மக்களின் கூலி அவர்கள் அறியாமலே குறைய இருந்தது. வடம் செய்யும் வேலை நெசவாளருக்கும் உழவருக்கும் எட்டாத வித்தையன்று என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

வடத்தின் உள்ளே இருப்பது என்ன?

நல்ல மைக் வடம் ஒன்றை அறுத்துப் பார்த்தால் அதுவும் ஒரு நெசவுப் பொருளே என்பது விளங்கும். நடுவில் மெல்லிய செப்பு இழைகளாலான இரண்டு உள்கம்பிகள், தனித்தனியே உறையிடப்பட்டு, ஒன்றோடொன்று முறுக்கப்பட்டிருக்கும். அவற்றின் மேல் நுண்ணிய செப்பு இழைகளால் பின்னிய உறை ஒன்று இருக்கும். எல்லாவற்றுக்கும் வெளியே ரப்பரோ பிளாஸ்டிக்கோ மூடியிருக்கும். பின்னல் அடர்ந்திருந்தால் வடம் நல்லது. இழை இழையாகப் பிரிந்து உள்ளே இருப்பது தெரிந்தால் மட்டம். சிறுவந்தாட்டுப் பட்டு நெசவாளர் ஒருவரிடம் இரண்டு வடத்தைக் கொடுத்தால், கடைக்காரர் சொல்லாமலே எது உயர்ந்தது என்று விரலால் சொல்லிவிடுவார்.

இத்தனை காப்பு எதற்கு என்று கேட்கலாம். சாதாரண மைக்கில் பேசும்போது எழும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரமோ 230 வோல்ட். ஏறக்குறைய இலட்சம் மடங்கு! பந்தலில் ஓடும் விளக்குக் கம்பி, மின்விசிறி, நீரேற்று மோட்டார் எல்லாம் நொடிக்கு 50 சுழற்சியுள்ள மாறுதிசை மின்னோட்டத்தைத் தாங்கிச் செல்கின்றன. அவற்றின் சாயல் மைக் கம்பியில் விழுந்தால் அதுவே ரீங்காரமாக ஒலிக்கும். பின்னலுறை அந்தச் சாயலைத் தடுத்து மண்ணுக்கு அனுப்புகிறது. அன்று நாம் கண்ட வடத்தில் அற்றுப் போயிருந்தது இந்த உறையின் இணைப்பே.

உறையையும் கடந்து வருவதை முறுக்கு தடுக்கிறது. இரண்டு கம்பிகளை முறுக்கிச் செல்லும் முறையைத் தொலைபேசியின் பொருட்டு 1881இல் கிரகாம் பெல் கண்டார். இதன் தத்துவம் உழவர்கள் அறிந்ததுதான். மணிலாக் கொட்டையை நிறுக்கும்போது சாக்கோடு நிறுத்து, பிறகு வெறும் சாக்கின் எடையைக் கழிக்கிறோம் அல்லவா? அது போலவே இங்கும். பேச்சு இரண்டு கம்பிகளிலும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் செல்கிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சலோ, இரண்டும் முறுக்கியிருப்பதால், இரண்டிலும் ஒரே அளவாக விழுகிறது. ஒலிபெருக்கிக் கருவி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது சாக்காகிய இரைச்சல் நீங்கிப் பேச்சாகிய சரக்கு நிற்கிறது. இத்தகைய வடத்தை நூறு மீட்டர் வரை தயக்கமின்றி இழுத்துச் செல்லலாம். உள்ளே ஒரே கம்பியும் உறையும் மட்டும் உள்ள வடத்திலோ இக்கழித்தல் நடைபெறாது. அதை ஐந்தாறு மீட்டருக்கு மேல் நீட்டக்கூடாது.

முனைகளும் அவற்றின் எண்களும்

மைக் வடத்தின் முனைக்கு எக்ஸ்.எல்.ஆர். என்று பெயர். ஒலிபெருக்கி அமைப்பாளர்கள் இதைக் கேனன் முனை என்பர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஜேம்ஸ் கேனன் என்பார் நிறுவிய தொழிலகம் உருவாக்கியதால் இப்பெயர் வந்தது. இதில் மூன்று ஊசிகள் உண்டு. ஒவ்வொன்றின் அருகிலும் எண் பொறித்திருக்கும். 1ஆம் எண் உறைக்கு. 2ஆம் எண் ஒரு கம்பிக்கு. 3ஆம் எண் மற்றொரு கம்பிக்கு. இது உலகெங்கும் ஒப்புக்கொண்ட முறை. முனையைத் திருப்பிப் பிடித்தால் இடமும் வலமும் மாறித் தோன்றும். ஆதலால் இடத்தை நம்பாமல் எண்ணையே படிக்க வேண்டும்.

ஊசியுள்ள முனை, துளையுள்ள முனை என இரண்டு வகை உண்டு. துளையுள்ளது மைக்கில் செருகப்படும். ஊசியுள்ளது கருவியில் செருகப்படும். ஊசி நோக்கும் திசையில் ஒலி செல்கிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் மயக்கம் வாராது.

பல சங்கங்களில் உள்ள பழைய கருவிகளில் கால் அங்குலத் துளை மட்டுமே இருக்கும். அதில் செருகும் முனையைக் கடைகளில் பி-38 என்று கேட்டு வாங்கலாம். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய தொலைபேசி நிலையங்களில் பிறந்த முனை இது. இதற்கு வடம் செய்யும்போது 2ஆம் கம்பியை நுனிக்கும், 1ஆம் உறையையும் 3ஆம் கம்பியையும் சேர்த்து அடிப்பகுதிக்கும் இணைக்க வேண்டும். மேலே கூறிய கழித்தல் இதில் நடவாது. எனவே வடம் குட்டையாக இருத்தல் நலம்.

ஈயம் என்னும் சொல்லால் வரும் தீங்கு

பற்றவைப்பதற்கு வேண்டிய பொருள் பற்றாசு. கடையில் சால்டர் ஈயம் என்பர். இவ்விடத்தில் தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல்லை இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் ஈயமும் வெள்ளீயம். அது உணவுக்குக் கேடு செய்யாது. காரீயம் என்பது வேறு, அது நஞ்சு. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்க வல்லது. கடையில் 60/40 என்று குறித்து விற்கும் பற்றாசில் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் உள்ளன. மீந்த பற்றாசை எக்காரணம் கொண்டும் சமையல் பாத்திரத்தின் ஓட்டையை அடைக்கப் பயன்படுத்தலாகாது.

60/40 பற்றாசு 190 பாகை அளவில் முழுதும் உருகும், வேலைக்கு எளிது. காரீயம் கலவாத பற்றாசும் இப்போது கிடைக்கிறது. அது 217 பாகைக்கு மேல்தான் உருகும். சற்றுக் கூடுதல் சூடும் பழக்கமும் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டாவதையே நாம் பரிந்துரைக்கிறோம். எதைக் கொண்டு செய்தாலும் வேலை முடிந்ததும் கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும், வேலை செய்யும் பலகையில் சாப்பிடக்கூடாது, துணுக்குகளைத் திரட்டித் தனியே வைக்க வேண்டும், தோட்டத்தில் எறியலாகாது.

பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோர் நவச்சாரம் தூவுவதைக் கண்டிருக்கிறோம். அதை வடத்துக்குப் பயன்படுத்தினால் முதல் நாள் இணைப்பு நன்றாகவே இருக்கும். நாளடைவில் செம்பு பச்சை பூத்து அரித்துப் போகும். மின்வேலைக்கு ரோசின் என்னும் மரப்பிசினே உரியது. நல்ல பற்றாசுக் கம்பியின் நடுவில் அது ஏற்கெனவே நிரம்பியிருக்கும். எனினும் ரோசின் புகை மூச்சிரைப்பைத் தூண்டும். சன்னலோரத்தில் அமர்ந்து செய்ய வேண்டும்.

வேண்டிய கருவிகள்

25 அல்லது 30 வாட் சூட்டுக்கோல் ஒன்று, அதை வைக்கும் தாங்கி, ஈரப் பஞ்சு, கம்பி வெட்டும் குறடு, கூரிய பேனாக்கத்தி, வேலையைப் பிடித்து நிறுத்தச் சிறு பிடிகருவி, சூட்டில் சுருங்கும் பிளாஸ்டிக் குழல் சிறிது, மின்னளவி ஒன்று. இவை விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மின்பொருள் விற்கும் கடைகளில் கிடைப்பவையே. பல சங்கங்கள் கூடி மொத்தமாக வாங்குவதாயின், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் விலை விசாரிக்கலாம்; எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கினால் தொலைவில்லை.

தறி பூட்டிய அறையில் இவ்வேலையைச் செய்யவே கூடாது. உருகிய பற்றாசின் ஒரு துளி பட்டுப் பாவில் விழுந்தால் பல நாள் உழைப்பு போயிற்று. பஞ்சும் கழிவு நூலும் இருக்குமிடத்தில் சூட்டுக்கோல் தீயை உண்டாக்கும்.

செய்முறை

(1) முனையின் மேலுறையையும் பிளாஸ்டிக் வளையத்தையும் முதலில் வடத்தில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து, எல்லாவற்றையும் பற்றவைத்த பின் உறையைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்காதவர் இத்தொழிலில் எவருமில்லை. நாமும் இரண்டு முறை விழித்திருக்கிறோம்.

(2) வடத்தின் வெளித்தோலை 20 மில்லிமீட்டர் அளவு உரிக்க வேண்டும். கத்தியை அழுத்தாமல் சுற்றிலும் கீறி, வளைத்தால் தோல் தானே பிளக்கும். அழுத்தினால் பின்னலின் இழைகள் அறும்.

(3) பின்னலை ஊசியால் பிரித்து, ஒரு பக்கமாகச் சேர்த்து, ஒரே கம்பியாக முறுக்க வேண்டும். ஓர் இழையும் தனித்து நிற்கலாகாது. அந்த ஒரு மயிரிழை பக்கத்து ஊசியைத் தொட்டால் ஒலி அடங்கிவிடும். இதன் மேல் குழல் ஒன்றைப் போர்த்துதல் நலம்.

(4) உள்கம்பிகள் இரண்டையும் 5 மில்லிமீட்டர் அளவு உரித்து, இழைகளை முறுக்க வேண்டும்.

(5) சூட்டுக்கோலின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, சிறிது பற்றாசு பூசிப் பளபளப்பாக்க வேண்டும். பின்பு மூன்று கம்பி முனைகளுக்கும், ஊசிகளின் பின்புறமுள்ள சிறு கிண்ணங்களுக்கும் தனித்தனியே பற்றாசு ஏற்ற வேண்டும்.

(6) கிண்ணத்தைச் சூட்டுக்கோலால் தொட்டு, அதிலுள்ள பற்றாசு இளகியதும் கம்பியை அதில் அமிழ்த்தி, கோலை எடுத்துவிட வேண்டும். இதற்கு இரண்டு அல்லது மூன்று நொடி போதும். நீட்டினால் உள்கம்பியின் உறை உருகும்.

(7) பற்றாசு இறுகும் வரை கை அசையக் கூடாது. வாயால் ஊதுவதும் தவறு.

இங்கே அனுபவமில்லாதோர் செய்யும் பெரும்பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சூட்டுக்கோலின் நுனியில் பற்றாசை உருக்கி எடுத்துவந்து, குளிர்ந்த கம்பியின் மேல் அப்புவார்கள். அது பசை போல ஒட்டுமேயன்றிப் பற்றாது. கம்பியையும் கிண்ணத்தையும் சூடாக்கி, அச்சூட்டில் பற்றாசு தானே ஓடிப் பரவ வேண்டும். நல்ல இணைப்பு வழுவழுவென்று, கம்பியின் உருவம் தெரியும்படி படிந்திருக்கும். கெட்ட இணைப்பு உருண்டையாக, மணல் போலச் சொரசொரப்பாக, மங்கியிருக்கும். பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை முறுக்கிப் பிணைக்கும் விரல்களுக்கு இந்த வேறுபாடு ஒரு மாலைப் பொழுதில் விளங்கிவிடும். அங்கேயும் பிணைப்பு மோசமானால் விழுதில் சிக்கும் வேளையில்தான் தெரியும். இங்கேயும் கூட்டம் நடக்கும் வேளையில்தான் தெரியும்.

(8) இறுதியாக, முனைக்குள் இருக்கும் பிடிப்பு வடத்தின் வெளித்தோலை இறுக்கிப் பிடிக்குமாறு பூட்ட வேண்டும். யாரேனும் காலால் இடறி இழுத்தால் இழுப்பு தோலுக்குச் செல்ல வேண்டும். பற்றவைத்த இணைப்புக்குச் செல்லலாகாது. நாம் பிரித்துப் பார்த்த கெட்ட வடங்களுள் பெரும்பாலானவை இப்பிடிப்பைப் பூட்டாமையால் கெட்டவை.

சோதனை செய்யாத வடம் வடமன்று

மின்னளவியைத் தொடர்ச்சி காட்டும் நிலையில் வைத்து, ஒரு முனையின் 1ஆம் ஊசியைத் தொட்டுக்கொண்டு, மறுமுனையின் 1, 2, 3 ஆகியவற்றை வரிசையாகத் தொட வேண்டும். 1க்கு மட்டும் ஒலி எழ வேண்டும். பிறகு 2க்கும் 3க்கும் இவ்வாறே. மொத்தம் ஒன்பது தொடுகை. மூன்றில் ஒலி, ஆறில் அமைதி. இதற்கு மாறாக ஏதேனும் வந்தால் வடம் தவறு. தொட்டபடியே வடத்தை முனைக்கு அருகில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஒலி விட்டு விட்டு வந்தால் இணைப்பு பற்றவில்லை.

2ஆம் கம்பியும் 3ஆம் கம்பியும் ஒரு முனையில் இடம் மாறியிருந்தால், அவ்வடம் தனியே வேலை செய்யும், தவறு தெரியாது. சரியான வடத்தோடு அதையும் சேர்த்து இரண்டு மைக்குகளைப் பேசுவோர் முன் வைத்தால், ஒன்று மற்றொன்றின் ஒலியைக் கழித்துக் குரலை மெலியச் செய்யும். ஆதலால் சோதனையில் சோம்பல் கூடாது.

மண் இணைப்பை ஒருபோதும் வெட்டலாகாது

முன் கூறிய கூட்டத்தில் நாம் கண்ட வேறொன்று நம்மை இன்னும் கலங்கச் செய்தது. ரீங்காரத்தை நிறுத்தும் நோக்கத்தோடு, கருவியை மின்சாரத்தில் செருகும் முனையில் இருந்த பெரிய ஊசியை யாரோ ஒடித்துவிட்டிருந்தார்கள். அது மண் இணைப்பு. அதை நீக்கினால் சில வேளை ரீங்காரம் குறைவது உண்மையே. ஆனால் கருவிக்குள் ஒரு கம்பி நைந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட்டும் வடத்தின் உறை வழியே மைக்கின் உலோகத்துக்கு வந்து நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று மைக்கைப் பிடிப்பவர் அதன் வழியாகிவிடுவார். ரீங்காரத்துக்கு அஞ்சி உயிரைப் பணயம் வைப்பதா?

ரீங்காரத்துக்கு நேர்வழிகள் உண்டு. கருவிகள் யாவற்றையும் ஒரே இடத்துச் செருகியிலிருந்து இயக்குக. மைக் வடத்தை மின்கம்பியோடு சேர்த்துக் கட்டாதீர்; கடக்க நேர்ந்தால் பாவும் ஊடையும் போலக் குறுக்காகக் கடக்கட்டும். இரண்டு கருவிகளை இணைக்கும்போது ரீங்காரம் எழுந்தால், அதற்குரிய தடுப்பு மின்மாற்றியை இடையில் வைக்கலாம். பந்தலுக்கு வரும் மின்சாரத்தில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே தானாக நிறுத்தும் காப்புக் கருவி இருக்கிறதா என்று பார்க்கவும். நாம் இங்கே கற்பிப்பது ஒலியைத் தாங்கும் வடங்களை மட்டுமே. 230 வோல்ட் செல்லும் கம்பிகளை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுக.

ஒலிபெருக்கிக் கூம்புக்குச் செல்லும் கம்பி

கருவியிலிருந்து கூம்புக்கு அல்லது பெட்டிக்குச் செல்லும் கம்பி வேறு வகை. அதற்குப் பின்னலுறை வேண்டுவதில்லை, பருமனே வேண்டும். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பி, மீட்டருக்கு ஏறத்தாழ 0.017 ஓம் தடை தரும். கூம்பு 30 மீட்டர் தொலைவில் இருந்தால், போக வர 60 மீட்டர். தடை ஏறத்தாழ ஓர் ஓம். 8 ஓம் கூம்பாயின், அனுப்பும் ஆற்றலில் ஒன்பதில் ஒரு பங்கு கம்பியிலேயே சூடாக வீணாகும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் வீண் இருபதில் ஒரு பங்காகக் குறையும்.

தொலைவு அதிகமானால் 100 வோல்ட் முறை சிறந்தது. நெய்வேலி மின்சாரம் உயர்ந்த அழுத்தத்தில் பயணம் செய்து நம் ஊரில் இறங்குவது போல, ஒலியையும் மின்மாற்றியால் உயர்த்தி அனுப்பி, கூம்பின் அருகில் தாழ்த்திக்கொள்வது இம்முறை. 30 வாட் கூம்புக்கு மேற்கூறிய ஓர் ஓம் கம்பியில் நூற்றில் அரைப்பங்கும் வீணாகாது. ஆயின் அக்கம்பி கையைத் தாக்க வல்லது. கருவியை நிறுத்திய பின்னரே தொட வேண்டும்.

உழவர் சங்கங்களுக்கு

இது நெசவாளர் சங்கத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் பெயரால்தான் மணிலாவில் டி.எம்.வி. என்னும் இரகங்கள் நாடெங்கும் அறியப்பட்டன. மணிலாவுக்கு எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இடுக என்று வயல் விழாவில் வல்லுநர் ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரைச்சலுக்கிடையே "நானூறு" என்பது "நாற்பது" என்று கேட்டால் அந்தப் பருவத்தின் காய் யார் கணக்கில் குறையும்? கேட்டவர் கணக்கில்தான்.

1956இல் பூனாவைச் சுற்றி ஏறத்தாழ 150 சிற்றூர்களில் யுனெஸ்கோ துணையோடு ஒரு முயற்சி நடந்தது. ஊருக்கு இருபது பேர் அளவில் வானொலியின் முன் அமர்ந்து உழவுச் செய்திகளைக் கேட்டனர். கேட்டதும் கலையாமல் தங்களுக்குள் விவாதித்தனர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர். அம்முயற்சி வெற்றி கண்டு பின்னர் நாடெங்கும் பரவியது. தெளிவாகக் கேட்டவரே தெளிவாக விவாதிக்க முடியும் என்பதே அதிலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

பத்து மீட்டரில் இரண்டு, இருபது மீட்டரில் ஒன்று என மூன்று மைக் வடங்கள் ஒரு சங்கத்துக்குப் போதும். உருவாக்கிய வடம் ஒவ்வொன்றுக்கும் எண் கட்டி, நீளத்தையும் சோதித்த நாளையும் இருப்புப் பதிவேட்டில் எழுதுக. வாங்கிய பொருளுக்குப் பற்றுச்சீட்டு இருக்கட்டும். கூலி கொடுத்தால் அதற்கும் சீட்டு இருக்கட்டும். வடத்தை முழங்கையில் சுற்றி முறுக்கேற்றாமல், சிட்டம் போலத் தளர்வாக, ஒரு சுற்று மேலாகவும் அடுத்த சுற்று கீழாகவும் மடித்து வைக்க வேண்டும்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்த பிள்ளைகள் இன்று பல நெசவாளர் வீடுகளில் உள்ளனர். நாம் மேலே கூறிய சங்கத்தில் அப்படியொரு இளைஞரே அடுத்த வாரம் முதல் வடத்தைச் செய்துகொடுத்தார். அவர் தாயாரும் பக்கத்தில் அமர்ந்து பின்னலைப் பிரித்து முறுக்கித் தந்தார். மகன் முறுக்கியதைவிடத் தாயார் முறுக்கியதே செம்மையாக இருந்தது.

கூட்டத்துக்கு முந்திய நாள் மாலை வடங்களைச் சோதிக்க வேண்டும். கூட்டம் தொடங்கும்போது அங்கத்தினர் ஒருவரைக் கடைசி வரிசையில் அமர்த்தி, கேட்கவில்லையாயின் கை தூக்கும்படி சொல்ல வேண்டும். அவர் கை எழுந்தால் வாசிப்பு நிற்க வேண்டும். "கடைசி வரிசைக்கும் கேட்டது" என்று நடவடிக்கைப் புத்தகத்தில் ஒரு வரி எழுதுவதை வழக்கமாக்கிக்கொண்டால் அது சங்கத்துக்குப் பெருமை.

ஒலிபெருக்கி வைப்பதற்கு அதிகாரியின் எழுத்து அனுமதி வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பதையும் நினைவூட்டுகிறோம். தெளிவான ஒலிக்கு உரத்த ஒலி தேவையில்லை. வடம் சரியாக இருந்தால் கருவியைப் பாதி அளவில் வைத்தாலே போதும். அடுத்த தெருவில் படிக்கும் பிள்ளைகளும் வாழ்த்துவர்.

அந்த மூதாட்டி இவ்வாண்டு மகாசபைக்கும் வந்திருந்தார். வழக்கம்போல் கடைசி வரிசையிலேயே அமர்ந்தார். வரவு செலவு வாசித்து முடித்ததும் அவர் கை தூக்கினார். வடம் அறுந்துவிட்டதோ என்று நாம் திடுக்கிட்டோம். அவர் எழுந்து, நூல் வாங்கிய கணக்கில் ஓர் இனத்துக்கு விளக்கம் கேட்டார். செயலாளர் ஏட்டைப் புரட்டி விளக்கம் சொன்னார்.